ஒரு மணி பத்து நிமிடத்தில் எட்டுக் கண்ணாடி

ஒரு மணி பத்து நிமிடம். தனகோட்டி செய்த குற்றம் அவ்வளவுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பி டைப் குவார்ட்டர்ஸ் என்றால் நான்கு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு கதவு, ஆக எட்டுக் கண்ணாடி. எட்டுக்கும் கூலிங் பேப்பர் ஒட்டி, ஓரம் சீவி, தரையில் சிந்திய சோப்புத் தண்ணீரையும் துடைத்துவிட்டு அவர் சைக்கிளில் ஏறி உட்கார ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். அதற்கு மேல் இழுத்தால் வேலை கெட்டுப்போகும். இதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை. பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினவனைப் பேசுவதுபோல அவரைப் பேசினார்கள்.

பேசினவர்கள் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பெர்மனென்ட். சங்கு ஊதினால் உள்ளே போவார்கள், சங்கு ஊதினால் வெளியே வருவார்கள். நடுவில் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரம் மிஷின் ஓடினாலும் வேலைதான். மிஷின் நின்றுபோய் நான்கு பேர் நிழலில் உட்கார்ந்து பட்டாணி கொறித்தாலும் வேலைதான். அப்படிப் பழகினவர்களுக்கு, ஒருத்தர் எட்டு மணிக்கு வந்து ஒன்பது பத்துக்குக் கிளம்பினால் என்ன தோன்றும்? ஏமாற்றிவிட்டான் என்றுதான் தோன்றும்.

இது நடந்தது எண்பத்தைந்தாம் வருஷம் கோடையில். தனகோட்டிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போனவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. டவுன்ஷிப் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பதினேழு வயதில், கண்ணாடி சுமக்க வந்தார். வைக்கோல் திணித்த பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கைப்பிடி இல்லாத மாடிப்படி ஏறுவார். அப்புறம் ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியை உட்காரவைத்து ஓரத்தில் புட்டி பூசக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அங்கே பழைய பிளாக்குகளில் ஜன்னல் ஓரத்துப் பெயின்டைச் சுரண்டினால் அவருடைய கட்டைவிரல் தடம் கிடைக்கும். பெர்மனென்ட் மட்டும் கிடைக்கவில்லை. கான்ட்ராக்டர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் மந்தாரக்குப்பத்தில் நல்லசாமி என்பவருடைய கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, அலமாரிக்குக் கண்ணாடி அறுப்பது என்று பதினைந்து வருஷம் ஓடியது.

கூலிங் பேப்பர் என்பது பெயர்தான் பேப்பர். மெல்லிசான கறுப்பு பிளாஸ்டிக். பாண்டிச்சேரியில் காருக்கு ஒட்டுகிற ஒரு கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று தனகோட்டி அதைக் கற்றுக்கொண்டு வந்தார். கார் கண்ணாடி வளைந்திருக்கும், சண்டி பண்ணும். அதில் கை பழகினவருக்கு வீட்டு ஜன்னல் ஒன்றுமே இல்லை.

டவுன்ஷிப்பில் இதற்கு ஏகப்பட்ட தேவை இருந்தது. நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவன் பகலில்தானே தூங்க வேண்டும்? கத்திரி வெயில் ஜன்னலில் நேராக அடிக்கும்போது எப்படித் தூங்குவான்? பழைய செய்தித்தாளைக் கஞ்சி போட்டு ஒட்டினார்கள். கம்பளியைத் தொங்கவிட்டு, வேர்த்து நனைந்தார்கள். கூலிங் பேப்பர் ஒட்டினால் பட்டப்பகல் பன்னிரண்டு மணி சாயங்காலம் ஆறரை மாதிரி ஆகிவிடும். சூடும் பாதி குறையும்.

ஆனால் அந்த ஊரில் அதை ஒட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கக்குகிற சாம்பல் இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாது. ஈரக் கண்ணாடியைக் கண்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் பேப்பர் ஒட்டினால் முகப்பரு மாதிரி பொரிப்பொரியாகத் தெரியும். அதனால் தனகோட்டி ஒரு முறை வைத்திருந்தார். ஒரே டைப் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றுக்கும் ஜன்னல் ஒரே அளவு. அந்த அளவு அவருக்கு மனப்பாடம். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே கடைப் பலகையில் உட்கார்ந்து, எட்டுத் துண்டையும் கால் அங்குலம் கூடுதலாக வெட்டிச் சுருட்டி வைத்துவிடுவார். காலையில் வெயில் ஏறுமுன் போவார். காற்றாடியை நிறுத்துவார், கதவைச் சாத்துவார், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார். பிளேடால் பழைய பெயின்ட் சொட்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் அடித்து, அது கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கும்போதே பேப்பரை ஏற்றி, கன்வேயர் பெல்ட்டில் அறுத்தெடுத்த ஒரு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார். சாம்பல் வந்து உட்காருமுன் அடுத்த கண்ணாடிக்குப் போயிருப்பார். அந்த வேகம்தான் வேலை. முந்தின நாள் மூன்று மணி நேரம் வெட்டினதை யார் பார்த்தார்கள்? அதைப் பார்க்க எந்தக் கண்காணிப்பாளரும் மந்தாரக்குப்பம் வரவில்லை.

முதல் வம்பு மருதாசலம் வீட்டில் ஆரம்பித்தது. மருதாசலம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். தான் இருந்த பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். நாற்பது வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரே ஆளிடம் வேலையைக் கொடுப்பது, முதலில் செயலாளர் வீட்டில் ஒட்டிப் பார்ப்பது என்று பேச்சு. நாற்பது வீடு! நல்லசாமி கடையில் அதுவரை அப்படி ஒரு வேலை வந்ததில்லை.

தனகோட்டி ஒட்டி முடித்து வாளியைக் கையில் எடுத்தபோது மருதாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஏப்பா, எங்க கெளம்பிட்ட?”

“முடிஞ்சிடுச்சிங்க சார்.”

“முடிஞ்சுதா? நான் இன்னும் பேப்பர்ல ரெண்டாம் பக்கமே திருப்பல. இதென்ன தபால் தலையா, நக்கி ஒட்டிட்டுப் போறதுக்கு?”

“பாருங்க சார், எட்டும் ஆயிடுச்சி. ஒரு பதினஞ்சி நாளைக்கிக் கையி மட்டும் வெக்காதீங்க. உள்ள தண்ணி நின்னுகினு பூத்தாப்புல தெரியும். தானா காஞ்சிடும்.”

“தண்ணி ஏன் நிக்குது? நிதானமா ஒட்டியிருந்தா நிக்குமா?”

“யாரு ஒட்டுனாலும் நிக்குங்க.”

“சரி சரி, போ,” என்றார் மருதாசலம்.

போன பிறகு என்ன செய்தார் தெரியுமா? மூன்றாம் நாள் கண்ணாடியில் நீர்முத்து தெரிந்ததும் மனைவியின் ஊக்கை வாங்கி ஒவ்வொன்றாகக் குத்தினார். குத்தின இடத்தை எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தார். பேப்பர் சுருங்கிக் கிழிந்தது. எட்டுக் கண்ணாடியிலும் அம்மைத் தழும்பு. படித்த மனிதர், கரன்ட்டையே கட்டி மேய்க்கிறவர், ஊக்கால் குத்தியிருக்கிறார்! குத்தினதை யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, “ஒரு மணி நேரத்துல ஒட்டினது ஒரு வாரத்துல உரியுது. பாத்தீங்களா லட்சணத்த?” என்று மட்டும் சொன்னார். ஒரே வாரத்தில் பிளாக் முழுக்க அதே பேச்சு.

நல்லசாமி தனகோட்டியைக் கூப்பிட்டார்.

“ஏன்டா தனகோட்டி, உனக்கு யாருடா அவ்ளோ சீக்கிரம் முடிக்கச் சொன்னது?”

“சீக்கிரம் முடிக்கலன்னா தூசி குந்திக்கும் மொதலாளி. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியுது. அவனுங்களுக்குத் தெரியலையே. நாளைக்கி சிங்காரவேலு வூட்டுக்குப் போற. காலையில போனா சாயங்காலம்தான் வெளிய வரணும். தெரிஞ்ச அளவா இருந்தாலும் டேப்ப வெச்சி அள. டீ குடி. கண்ணாடிய ஒரு பார்வ பாரு, தலைய சொறி. வேல செய்றான்னு அவங்களுக்குத் தெரியணும். இந்த வூட்டுலயும் சொல்லு வந்துச்சின்னா, கடலூர்லேர்ந்து ஆள வெச்சிக்குவேன். அவன் ஒரு வூட்டுக்கு ஒரு நாள் எடுத்துக்கறானாம். சங்கத்துல அவனத்தான் கேக்குறாங்க.”

தனகோட்டிக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் நாற்பது வீடும் கையை விட்டுப் போனால், மறுபடியும் சாமி படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் இன்னொருத்தனிடம் கேட்காமல் அவர் கை ஓடியது. அதை விட மனம் வரவில்லை. சரி என்றார். வாழ்க்கையில் அவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தது அந்த ஒரு நாள்தான்.

சிங்காரவேலு திருநெல்வேலிப் பக்கம். சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சசச் சக்கர மிஷினில் ஆபரேட்டர். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் இல்லாமல் மிஷின் மேலேயே கண் அசந்து, ஒரு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தார். ஒட்டி முடிந்ததும் படுக்கலாம் என்று உள்ளே பாயில் காத்துக்கொண்டிருந்தார்.

தனகோட்டி டேப்பை எடுத்து அளந்தார். மனப்பாடமான அளவை மூன்று தடவை அளந்தார். கண்ணாடியைக் கழுவினார், காயவிட்டார், மறுபடி கழுவினார். சிங்காரவேலுவின் மனைவி புஷ்பவல்லி கொடுத்த டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பத்தரை, பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. வீட்டை எத்தனை நேரம் பூட்டி வைக்க முடியும்? புஷ்பவல்லி துணி எடுக்கப் பின்கதவைத் திறந்தாள். புழுக்கம் தாங்காமல் சிங்காரவேலு காற்றாடியைப் போட்டார். பன்னிரண்டரைக்குத் தனகோட்டி முதல் பேப்பரை ஏற்றியபோது கண்ணாடி தோசைக்கல் மாதிரிச் சுட்டது. சோப்புத் தண்ணீர் அடித்த நிமிஷமே காய்ந்தது. பேப்பர் வைத்த இடத்தில் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. சுருக்கம். சுருக்கத்துக்கு நடுவே சாம்பல் பொரி. மூன்று கண்ணாடி அப்படியே ஆயிற்று.

சிங்காரவேலு எழுந்து வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

“என்ன அண்ணாச்சி, இன்னுமா முடியல? மருதாசலம் சார் வீட்ல ஒரு மணி நேரத்துல ஒட்டினீயளாமே, அந்த வேகத்த எனக்குக் காட்டக்கூடாதா? ராத்திரி நான் மிஷின்ல ஏறணும்லா.”

“அவ்வளவு நேரமா டேப்ப வச்சிக்கிட்டு ஜன்னலுக்குச் சட்டையா தச்சீய?” என்றாள் புஷ்பவல்லி. அவள் சிரிக்கத்தான் சொன்னாள்.

தனகோட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் கறுத்துவிட்டது. யார் மேல் கோபம் என்று அவருக்கே பிடிபடவில்லை. மருதாசலம் மேலா, நல்லசாமி மேலா, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய தன் மேலேயேவா? ஒட்டின மூன்றையும் நகத்தால் கிளப்பி இழுத்துப் பறபறவென்று கிழித்தார்.

“ஐயோ அண்ணாச்சி, நல்லாத்தான இருந்துது?”

“நல்லா இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ரெண்டு சாக்கு குடுங்க. காத்தாடிய அமத்துங்க. ஒரு கதவும் தொறக்கக்கூடாது.”

சாக்கை நனைத்து ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தொங்கவிட்டுக் கண்ணாடியைக் குளிரவைத்தார். மறுநாள் வீட்டுக்கென்று வெட்டி வைத்திருந்த சுருள் பையில் இருந்தது, அளவு ஒன்றுதானே! தரைக்குத் தண்ணீர் தெளித்தார். ரெண்டு மணிச் சங்கு ஊதினபோது ஆரம்பித்தார். ஐம்பது நிமிடம். எட்டும் முடிந்தது. ஒரு பொரி இல்லை. அறை சாயங்காலமாக மாறியது. சிங்காரவேலு “அடேயப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னார். வாளியை வெளியே வைத்துவிட்டுத் தனகோட்டி திரும்புமுன் குறட்டை விட்டார்.

அன்று சாயங்காலம் கடையில் தனகோட்டி உட்காரவில்லை.

“மொதலாளி, மூணு கண்ணாடி பேப்பர் வீணாப்பூடுச்சி. நீங்க சொன்னீங்கன்னு மெதுவா செஞ்சேன் பாருங்க, அதனால. இனிமே என் கையி எப்பிடி ஓடுதோ அப்பிடித்தான். புடிக்கலன்னா கடலூரு ஆளக் கூப்புடுங்க.”

“கோவிச்சிக்காதடா. மருதாசலம் திருப்பி ஒட்டிக் குடுன்றான். அவன் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வந்தா நாப்பது வூடும் நமக்கு. போய்ட்டு வா.”

“அவரு கையி வெச்சிக் கெடுப்பாரு, நான் திருப்பி ஒட்டணுமா?”

“போடா, போ.”

போனார். மருதாசலம் ஜெனரல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் திரும்புவார். அவர் மனைவி காந்திமதி, கிழிந்த பேப்பரைப் பார்க்கவே வெட்கப்பட்டார். ஊக்கு, கரண்டிக் கதையெல்லாம் அந்த அம்மாதான் சொன்னார். தனகோட்டி பழையதைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டினார். சுரண்டினதையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். ஒட்டினது மட்டும் ஒரு மணி பத்து நிமிடம்.

“முடிஞ்சுதுங்கம்மா. இந்தத் தடவ ஊக்க எடுத்து ஒளிச்சி வெய்யிங்க.”

காந்திமதி சிரித்தார். “ஊக்க ஒளிச்சாப் போதுமா? ஒம்போதே முக்காலுக்குப் போயிட்டேன்னு தெரிஞ்சா அதையும் குத்தம் சொல்லுவார். நீ போப்பா. மூணு மணி வரைக்கும் இருந்து செஞ்சேன்னு நான் சொல்லிக்கறேன்.”

“அதெல்லாம் வாணாம்மா. உள்ளதச் சொல்லுங்க.”

“பதினெட்டு வருஷமா மேய்ச்சிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“அவரு எங்கிட்ட கேட்டா நான் உள்ளதத்தாம்மா சொல்லுவேன்.”

“கேட்டாச் சொல்லு. அவரா, உங்கிட்டயா? கேக்க மாட்டார், போ.”

மூன்று வாரம் போயிற்று. நீர் காய்ந்து கண்ணாடி கறுப்புத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. ஒரு மத்தியானம் தனகோட்டி கண்ணாடித் துண்டு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த பிளாக் வழியாக வந்தார். செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு இருபது இருபத்தைந்து பேர் நின்றிருந்தார்கள். மருதாசலமும் இருந்தார், சிங்காரவேலுவும் இருந்தார். தனகோட்டியைப் பார்த்ததும் மருதாசலம் கையைத் தூக்கி நிறுத்தினார். முகமெல்லாம் பல்.

“வாப்பா, வா. இவந்தானுங்க அந்த ஆளு. மொதல்ல வந்து தபால் தலை ஒட்டினான். நான் ஒரு சத்தம் போட்டேன். அப்பறம் வந்தான் பாருங்க, காலைல உக்காந்தவன் ஒரு நாள் பூரா எந்திரிக்கல. எங்க வீட்டு ஜன்னல வந்து பாருங்க. நிதானமாச் செஞ்சா எப்படி வருது! சங்கத்துல நாளைக்கே சொல்லிடறேன், நாப்பது வீடும் இவனுக்குத்தான். ஏப்பா, அன்னைக்கு எத்தன மணிக்குப் போனே, மூணா, மூணரையா?”

கேட்டுவிட்டார்.

பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். நாற்பது வீடு. ஆனால் தனகோட்டிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. திட்டினபோது வராத ஆத்திரம் அந்தப் புகழ்ச்சியில் வந்தது. அவருடைய வேலையை இவர் பாராட்டவில்லை. இல்லாத ஒரு நாளைப் பாராட்டுகிறார். தான் போட்ட சத்தத்தைப் பாராட்டுகிறார்.

“ஒம்போதே முக்காலுக்குப் போயிட்டன் சார்.”

“என்ன?”

“எட்டு மணிக்கு வந்தன். நீங்க ஊக்கால குத்துனதச் சுரண்ட முப்பத்தஞ்சி நிமிசம். ஒட்டுனது ஒரு மணி பத்து நிமிசம். மொதல்ல ஒட்டுனப்ப எவ்ளோ ஆச்சோ அவ்ளோதான். கையும் அதே கையி, ரப்பரும் அதே ரப்பரு.”

“வீட்ல மூணு மணின்னு...”

“அம்மா உங்க மனசு நோவக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க. என்னக் கேளுங்க. நீங்க எட்டு மணி நேரம் வேல செய்யிறீங்க, சங்கு ஊதுது, அது உங்க வேல. என் வேலைக்கிச் சங்கு கெடையாது சார். தூசி வர்றதுக்குள்ள முடிக்கணும். லேட்டா செஞ்சாத்தான் நல்ல வேலன்னா, இந்த வெயில்ல உங்க வூட்டு ஜன்னல்ல நான் பாய் போட்டுப் படுத்துக்கணும்.”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தர், “ஊக்கா? ஊக்கால குத்தினீங்களா சார்?” என்று கேட்டார். சிரிப்பு பரவியது.

“எங்க வீட்ல ஐம்பது நிமிஷம்,” என்றார் சிங்காரவேலு. “அன்னைக்குப் படுத்தவன் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் எந்திரிச்சேன். போதுமா?”

மருதாசலம் பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறி, முன் சீட்டில் நேராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சங்கத்தில் மறுநாள் அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. நாற்பது வீடும் ஒரே ஆளுக்கு என்ற பேச்சு அதோடு நின்றது. பதினாறு வீட்டுக்காரர்கள் செயலாளர் முகத்துக்காகக் கடலூர் ஆளையே கூப்பிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாள் உட்கார்ந்து ஒட்டிப் போனான் அவன். அவர்கள் பொரிப்பொரியான கண்ணாடிக்குள் சந்தோஷமாகத்தான் தூங்கினார்கள். நல்லசாமி ஒரு மாதம் தனகோட்டியுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனகோட்டியின் மனைவி மாணிக்கம்மாள்கூட, “தலையாட்டிட்டு வந்திருந்தா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு?” என்று கேட்டாள்.

அவர் ரப்பர் பட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

ஆனால் அன்று மத்தியானம், பஸ் நகரத் தொடங்கியபோது, ஜன்னல் வழியே ஒருத்தர் தலையை நீட்டினார். ஊக்கைப் பற்றிக் கேட்டவர்.

“ஏங்க, எனக்கு அடுத்த வாரம் நைட். எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?”

தனகோட்டி சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“திங்கக்கெழம எட்டு மணிக்கி வரேன். ஒம்போது பத்துக்குப் போயிடுவன். அதுக்கு மேல இருக்கச் சொன்னீங்கன்னா, வரவே மாட்டன்.”